பி பகுதியின் நான்காம் பக்கம்

12 ஜூன் 2023, திங்கள்

சென்னையிலிருந்து பேராசிரியை ஹேமலதா மறுபடியும் அழைத்தார். மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் தொழில்முனைவோர் பாடம் நடத்துகிறவர். போன மாதம் கோவைக் கருத்தரங்கில் நான் பேசியதைக் கேட்டாராம். எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு கேஸ் எழுதி வகுப்பில் விவாதிக்க வேண்டும் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "கேஸா? யார் போட்டாங்க?" என்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குக் கேஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்.

"கோர்ட் கேஸ் இல்லைங்க, பாடம். ஒரு கம்பெனிக்கு ஒரு இக்கட்டு வந்துச்சு, அப்ப முதலாளி என்ன செஞ்சிருக்கணும்னு பசங்க விவாதம் பண்ணுவாங்க."

"நீ செஞ்சு முடிச்சதுக்கு இப்ப யோசனை சொல்லுவாங்களா?" என்றார். ஆனாலும் முகத்தில் பெருமை தெரிந்தது.

ஆலையில் ஏழாம் பிரஸ் மெஷினில் எண்ணெய் கசிகிறது. ஆயில் சீல் செய்கிற இடத்தில் ஆயில் கசிவு. மெக்கானிக் நாளைக்கு வருவார்.

14 ஜூன், புதன்

கேஸ் எழுதப் போகிறவர் வந்தார். அப்துல் ரவூஃப், வாணியம்பாடிக்காரர், முப்பது வயதிருக்கும். பேராசிரியையின் ஆராய்ச்சி உதவியாளர். வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்து, பாதுகாப்புக் காலணி கொடுத்தேன்.

ஆலை முழுவதும் சுற்றிக் காட்டினேன். பைக் என்ஜினிலிருந்து எண்ணெய் வெளியே வராமல் பிடித்து நிற்கும் கறுப்பு ரப்பர் வளையம்தான் ஆயில் சீல் என்று சொன்னதும், தன் பைக்கைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பிரஸ்ஸில் ரப்பர் வெந்து அச்சாவதையும், வெளியே வந்த வளையங்களின் பிசிரைப் பெண்கள் வெட்டுவதையும் அரை மணி நேரம் நின்று பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை காத்திருக்கிற மனிதர். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

"சுலெஸ்தர் ரப்பர்ஸ்னு பேர் வித்தியாசமா இருக்கே மேடம், என்ன அர்த்தம்?"

ஜெர்மன் சொல் என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வது. குறித்துக்கொண்டார்.

19 ஜூன், திங்கள்

இவருக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. காலையில் நான் விடுகிறேன், மதியம் ஆலையிலிருந்து ஓடி வந்து விடுகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் அரசரைப் போல உட்கார்ந்திருக்கிறார்.

22 ஜூன், வியாழன்

ரவூஃப் மறுபடி வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், ஜெர்மன்ல அப்படி ஒரு வார்த்தை கிடைக்கல. பழைய பதிவுப் பத்திரத்துல ரெண்டு பேர் இருக்கு. சுலோசனா. எஸ்தர்."

ஒரு பார்ட்னர் இருந்தார், போய்விட்டார் என்று சொன்னேன். அவ்வளவு போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்தான் காத்திருக்கிற மனிதராயிற்றே.

எஸ்தரும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். 1994இல் இதே ஓசூரில் முப்பதுக்கு அறுபது அடி ஷெட்டில் ஒரே ஒரு பிரஸ்ஸோடு ஆரம்பித்தோம். ரப்பர் கலவையும் மெஷினும் அவள் பொறுப்பு, வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பது நான். பதினேழு வருடம் நன்றாகத்தான் போயிற்று. 2011இல் ஒரு பெரிய பைக் கம்பெனி, எங்களுக்கு மட்டுமே செய்யுங்கள், மொத்த உற்பத்தியையும் எடுத்துக்கொள்கிறோம் என்று வந்தது. எங்களிடமிருந்த பத்தொன்பது சின்ன வாடிக்கையாளர்களையும் விட்டுவிட வேண்டும். எஸ்தர் கூடாது என்றாள். "ஒரே தூண்ல வீடு கட்டாதடி" என்றாள். நான் கட்டலாம் என்றேன். ஒரு மாதம் இதே பேச்சு. அவள் திண்டிவனத்தில் இருந்த வாரம் நான் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய விஷயம். திரும்பி வந்தவள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

முப்பது பேர் இருந்த இடத்தில் இன்று இருநூற்று நாற்பது பேர். இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

"எஸ்தர் மேடம் இப்ப எங்க இருக்காங்க?" என்றார் ரவூஃப். தெரியாது என்றேன்.

புதுச்சேரியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு ரப்பர் மூடி செய்கிறாள். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.

23 ஜூன், வெள்ளி

தூக்கமில்லை. புழுக்கத்தால் இருக்கும்.

30 ஜூன், வெள்ளி

ரவூஃப் புதுச்சேரி போய் எஸ்தரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். போனில் அவரே சொன்னார். "நல்லாப் பேசினாங்க மேடம். மீன் குழம்பு போட்டுத்தான் அனுப்பினாங்க" என்றார்.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்ததே, இப்போது எப்படி என்று கேட்டிருக்கலாம்.

11 ஜூலை, செவ்வாய்

கேஸ் வந்துவிட்டது. ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு. மாணவர்கள் முதலில் ஏ பகுதியைப் படித்து விவாதிப்பார்கள். என்ன நடந்தது என்பது பி பகுதியில் இருக்கும், அது வகுப்பின் நடுவில் கொடுக்கப்படும். நான் படித்துப் பார்த்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வெளியிட முடியும். எஸ்தரின் கையெழுத்தும் வேண்டும்.

"சுலோசனா தன் அறை ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பார்த்தபடி நின்றார்" என்று ஆரம்பிக்கிறது. என் அறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் மதில்தான் இருக்கிறது. ரவூஃப்பிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டார். "எல்லாக் கேஸும் அப்படித்தான் மேடம். யாராவது ஒருத்தர் ஜன்னல்கிட்ட நிக்கணும்." பிறகு குரலை இறக்கி, "பி பகுதியில நாலாம் பக்கத்தை நிதானமாப் படிங்க" என்றார்.

ஏ பகுதி நன்றாக இருக்கிறது. நான் புத்திசாலியாகத் தெரிகிறேன். மீதியை நாளைக்குப் படிக்க வேண்டும். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

12 ஜூலை, புதன்

படித்தேன். இன்று எழுத முடியாது.

13 ஜூலை, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எஸ்தர் போன மூன்றாம் மாதம், 2011 நவம்பரில், பெரிய கம்பெனிக்கு அனுப்பிய முதல் லாட் முழுவதும் திரும்பி வந்தது. ஆறாயிரம் சீல். ரப்பர் சரியாக வேகவில்லை, எண்ணெயில் போட்டால் ஊதிப்போகிறது என்றார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஒப்பந்தம் ரத்து. நான் சனிக்கிழமை சென்னைக்கு ஓடினேன். அவர்களிடம் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை திரும்பியபோது, புது லாட் தயாராக இருந்தது. ஒவ்வொன்றும் தேறியது. சூப்பர்வைசர் முனிராஜ்தான் கோளாறைக் கண்டுபிடித்தார் என்றார்கள். அடுத்து வந்த பொங்கலன்று அவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாக எந்த ஊர் மேடையில் பேசினாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். தொழிலாளியை நம்பு, அவன் உன்னைக் காப்பாற்றுவான் என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

நான்காம் பக்கத்தில் இருப்பது இது: அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் புதுச்சேரியிலிருந்து வந்தாள். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணிவரை மூன்றாம் பிரஸ் முன்னால் நின்றாள். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, முதல் இருநூறு சீல்களைத் தானே சோதித்துவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

முனிராஜை அறைக்குக் கூப்பிட்டேன். கதவுக்கு அருகிலேயே நின்றார்.

"உண்மையா?"

"உண்மைதாம்மா. நான்தான் அவங்களுக்குப் போன் பண்ணேன். வேற வழி தெரியல. முப்பது குடும்பம்மா."

"பன்னெண்டு வருஷம் ஏன் சொல்லல?"

"அந்தப் பேரைச் சொன்னாவே நீங்க எழுந்து போயிடுவீங்க. எப்படிம்மா சொல்றது?" பிறகு, "நீங்க குடுத்த வாட்ச் இன்னும் பெட்டியிலதாம்மா இருக்குது. ஒரு நாளும் கட்டல. மனசு வரல" என்றார்.

அந்த மனிதரை மேடை மேடையாகப் பொய்யனாக்கி நிறுத்தியிருக்கிறேன்.

14 ஜூலை, வெள்ளி

மதியம் சொட்டு மருந்து விடும்போது இவரிடம் சொன்னேன். மேலே பார்த்தபடி, கண்ணை மூடாமல், "தெரியும்" என்றார்.

மருந்து கன்னத்தில் வழிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து அவளைக் கூட்டிட்டு வந்தது நான்தான், சுலோ. சாயங்காலம் கொண்டுபோய் விட்டதும் நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த லாட்டை அனுப்பியிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாப் போச்சு."

அனுப்பியிருக்க மாட்டேனா? வெகுநேரம் யோசித்தேன். அனுப்பியிருக்க மாட்டேன்.

18 ஜூலை, செவ்வாய்

ரவூஃப் அழைத்தார். இந்த விஷயத்தைத் தேடி அவர் எஸ்தரிடம் போகவில்லையாம். பிசிர் வெட்டும் பெண்களிடம் பேசும்போது வந்த விஷயம். எஸ்தரிடம் உறுதி செய்தபோது, ஆமாம் என்றாள், ஆனால் எழுத வேண்டாம் என்றாளாம்.

"அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க, சுலோவுக்குச் சங்கடமா இருக்கும்னு சொன்னாங்க மேடம். நீங்களும் சொன்னீங்கன்னா எடுத்துடறோம். கேஸ் அது இல்லாமலும் நிக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

19 ஜூலை, புதன்

எடுத்துவிடச் சொல்லலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அவளே கேட்கிறாள்.

ஏழாம் பிரஸ் சரியாகிவிட்டது. கணக்குப் பார்க்கும் சித்ராவின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் மைசூர்பாகு.

21 ஜூலை, வெள்ளி

பிசிர் வெட்டும் பகுதியில் பழைய ஆள் லட்சுமம்மா. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எஸ்தர் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எங்க டப்பாவுலதான், தயிர் சோறு. ஊறுகாய் வேணுமான்னேன், வேணாம்னுட்டாங்க. உங்க டேபிளைத் தொடச்சு வெச்சிட்டுப் போனாங்க. தூசியா இருந்துச்சாம்."

24 ஜூலை, திங்கள்

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நான்காம் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஒரே ஒரு திருத்தம், அதுவும் ஏ பகுதியில். "எஸ்தர் வெளியூரில் இருந்த வாரத்தில் சுலோசனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்" என்று இருந்தது. நான் சொன்னதும் அப்படித்தான், எஸ்தரும் அதற்கு மேல் சொல்லவில்லை போலிருக்கிறது. அதை அடித்துவிட்டு, "எஸ்தரின் தந்தை இறந்த ஐந்தாம் நாள், அவரிடம் கேட்காமல் கையெழுத்திட்டார்" என்று எழுதினேன்.

இந்த நாட்குறிப்பிலேயே அதை நான் எழுதவில்லை. திருப்பிப் பார்த்தேன்.

இவரிடம் காட்டினேன். ஒரு கண்ணால் படித்துவிட்டு, என் தலையில் கை வைத்தார்.

9 ஆகஸ்ட், புதன்

சென்னை. இரயிலில் திரும்பும்போது எழுதுகிறேன். நான்காம் பக்கத்துக்குச் சம்மதித்து எஸ்தரும் கையெழுத்துப் போட்டுவிட்டாள், கேஸ் நடக்கும் வகுப்புக்கு எங்கள் இருவரையும் பேராசிரியை அழைத்திருந்தார்.

கல்லூரி வராந்தாவில் எஸ்தர் முன்னமே வந்து நின்றிருந்தாள். முழுக்க நரைத்துவிட்டாள். பருத்திப் புடவை, கையில் தண்ணீர் பாட்டில். பன்னிரண்டு வருடம் கழித்து என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"வந்துட்டியா? ஓசூர்ல மழையா?"

"ஆமா. ரெண்டு நாளா."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எங்களைக் கடைசி வரிசையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் யார் என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. அறுபது பேர், ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை. ஒப்பந்தம் சரியா என்று பேராசிரியை கேட்டதும் வகுப்பே பற்றிக்கொண்டது. ஆங்கிலமும் தமிழும் கலந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள். ஒரே வாடிக்கையாளர் தற்கொலைக்குச் சமம் என்றான் ஒருவன். வளர வேண்டுமென்றால் அந்த ஆபத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள் ஒருத்தி. இந்த எஸ்தர் பயந்தவர், விலகியது கம்பெனிக்கு நல்லது என்றான் முன்வரிசைப் பையன். எனக்கு எழுந்து போய் அவன் வாயை மூட வேண்டும் போலிருந்தது. இதே வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கை தூக்கச் சொன்னார்கள். ஒப்பந்தம் சரி என்று நாற்பத்தேழு பேர். இந்த எண்ணிக்கைக்காகத்தான் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வந்தபோது ஒன்றுமே இல்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கை தூக்கவில்லை. ஏன் என்று கேட்டார் பேராசிரியை. "முடிவு சரியா இருக்கலாம் மேம். ஆனா அப்பா செத்து அஞ்சு நாள்தான் ஆச்சு. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் இல்லையா?" என்றாள்.

பிறகு பி பகுதியைக் கொடுத்தார்கள். அறுபது பேரும் ஒரே நேரத்தில் பக்கம் திருப்பும் சத்தம். நான்காம் பக்கத்துக்கு அவர்கள் வந்ததை முகங்களைப் பார்த்தே சொல்ல முடிந்தது. அப்போதுதான் பேராசிரியை, "இருவரும் இங்கே இருக்கிறார்கள்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அதே மூன்றாம் வரிசைப் பெண் எஸ்தரிடம் கேட்டாள்: "உங்களுக்கு அவ்வளவு கோபம் இருந்திருக்கும். அப்புறமும் ஏன் மேம் போனீங்க?"

எஸ்தர் எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சு எப்போதுமே வராது.

"மூணாம் பிரஸ் பழசா வாங்கினதும்மா. நான்தான் போய் வாங்கினேன். அதுல மீட்டர் நூத்தி எழுபதுன்னு காட்டும், உள்ள நூத்தி அறுபத்திரெண்டுதான் இருக்கும். எட்டு டிகிரி பொய் சொல்லும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கோபத்துல யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன். முனிராஜ் போன் பண்ணதும் புரிஞ்சிடுச்சு. தப்பு என்னோடது. என் தப்பை நான்தான போய்ச் சரி பண்ணணும்?"

"அதை போன்லயே சொல்லியிருக்கலாமே மேம்?" என்றான் முன்வரிசைப் பையன்.

எஸ்தர் சிரித்துவிட்டாள். "சொல்லியிருக்கலாம். ஆனா பார்க்கணும் போல இருந்துச்சு. பதினேழு வருஷம் நின்ன இடம்ல."

என்னைப் பேசச் சொன்னார்கள். தயாரித்து வந்த தாளை எடுக்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்னு அந்தக் கம்பெனிக்காரங்க சொல்லவே இல்லை" என்றேன். "நான்தான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னேன். இந்தப் பொண்ணு சொன்ன மாதிரி ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். எஸ்தர் திரும்பி வந்தா என்னை மாத்திடுவாளோன்னு பயம். இவங்க பயந்தவங்கன்னு யாரோ சொன்னீங்க. பயந்தது நான்தான். அப்புறம் எட்டு வருஷம் கழிச்சு அந்தக் கம்பெனி ஆர்டரைப் பாதியாக் குறைச்சப்ப, விட்ட சின்ன வாடிக்கையாளர்கள்கிட்டயே திரும்பிப் போனேன். பதினொரு பேர் சேர்த்துக்கிட்டாங்க. எஸ்தர் மேடம் எப்படி இருக்காங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க."

அதற்கு மேல் வகுப்பைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவள் பக்கம் திரும்பினேன். "இருநூத்தி நாப்பது பேர் சாப்பிடறாங்கடி. உன்னாலதான். நன்றின்னு சொல்ல எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சு."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்த அறுபது பேருக்கும் பொதுவாக, "நான் இருந்திருந்தா அது முப்பது பேரோட நின்னிருக்கும். அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

ரவூஃப் கதவருகே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், காத்திருந்து கேட்டதற்கு நன்றி என்றேன். அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

கேன்டீனில் எஸ்தரும் நானும் டீ குடித்தோம். அவள் சர்க்கரை போடாமல் குடித்தாள். உன் அப்பா சாவுக்கு நான் வந்திருக்க வேண்டும் என்றேன். "ஆமா, வந்திருக்கணும். வாசலையே பார்த்துட்டிருந்தேன்" என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான் என்று பட்டது. கோயம்பேட்டில் புதுச்சேரி பஸ் கிளம்பும்வரை நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக, "போய்த் தொலை, இரயிலை விட்டுடுவே" என்றாள்.

10 ஆகஸ்ட், வியாழன்

காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் கூட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை முதல் தடவையாகச் சரியாகச் சொன்னேன். புதிய ஆட்கள் வாய் பிளந்து கேட்டார்கள், பழைய ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். லட்சுமம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். என்னிடம் மறைத்ததற்காக அவர்களுக்கு நன்றி சொன்னேன். மறைத்திருக்காவிட்டால் இந்தக் கூரை இல்லை. கம்பெனி பெயருக்கு அர்த்தம் என்ன என்றும் சொன்னேன். ஜெர்மன் இல்லையா என்று ஒரு டிரெய்னி கேட்டான். எல்லோரும் சிரித்ததில் வேலை ஐந்து நிமிடம் தாமதமாயிற்று.

முனிராஜ் மட்டும் கடைசிவரை நின்றார். "இப்பதாம்மா மூச்சு விட முடியுது" என்றார்.

12 ஆகஸ்ட், சனி

இவருக்கு இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வலது கண் தெளிவாகத் தெரிகிறதாம். என்னைப் பார்த்து, "இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சு?" என்றார். இந்த மனிதருக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். "மருந்துக்கா?" என்றார். "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றேன்.

22 ஆகஸ்ட், செவ்வாய்

காலை பத்தரைக்கு எஸ்தர் போன் செய்தாள். மெஷினில் ஏதாவது கோளாறா, ரப்பர் வேண்டுமா, உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி, சும்மாதான்" என்றாள்.

நாற்பது நிமிடம் பேசினோம்.